முன்னோடிகளும் முன்னிருந்தோரும்

ஒரு நூலை விமரிசிக்க வேண்டுமானால் முதலில் அதைப் படித்தாக வேண்டும். ஓர் அருங்காட்சியகத்தையும் அவ்வாறே படிக்க வேண்டும் என்பது என் எண்ணம். நூலுக்கு ஆசிரியர் இருப்பதுபோல் அருங்காட்சியகத்துக்கும் ஆசிரியர் உண்டு. எதை வைப்பது, எதை விடுவது, எதற்கருகே எதை நிறுத்துவது என்று தீர்மானித்தவர் அவர். நூலின் இயல்களைப் போல இங்கே அறைகள் உண்டு. நூலின் அடிக்குறிப்புகளைப் போல இங்கே சிறு சிறு அட்டைகள் உண்டு. ஆயினும் நம்மில் பெரும்பாலோர் அருங்காட்சியகத்தைப் பார்க்கிறோமேயன்றிப் படிப்பதில்லை. பார்த்துவிட்டு வெளியே வந்து, மக்காச்சோளம் வாங்கித் தின்றுவிட்டு, ஏரிக்கரைக்குப் போய்விடுகிறோம்.

நானும் அப்படித்தான் பலமுறை போயிருக்கிறேன். ஒரு சிறுவன் கேட்ட ஒரே கேள்வி என்னைப் படிக்க வைத்தது. அந்தக் கேள்வியைப் பற்றியதே இக்கட்டுரை.

செண்பகனூரில்

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் பங்கின் மறைக்கல்வி மாணவர்களை அழைத்துக்கொண்டு கொடைக்கானலுக்குச் சென்றேன். வத்தலக்குண்டைக் கடந்து, காட்ரோட்டில் ஏறத் தொடங்கிய பேருந்து, வளைவுக்கு வளைவு குளிரைக் கூட்டிக்கொண்டே போயிற்று. பெருமாள்மலையையும் வெள்ளியருவியையும் தாண்டினால் செண்பகனூர். கொடைக்கானலுக்குச் சில கிலோமீட்டர் முன்னதாகவே வரும் ஊர். அங்கே இயேசு சபையினரின் திருஇருதயக் கல்லூரி உள்ளது. 1895-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இந்த இல்லத்தில் தலைமுறை தலைமுறையாக இளந்துறவியர் மெய்யியல் பயின்றனர். அவர்களுக்குக் கற்பித்த தந்தையர் ஓய்வு நேரங்களில் சோலைக்காடுகளில் அலைந்து சேர்த்தவை, இல்லத்தோடு சேர்ந்து ஓர் இயற்கை வரலாற்று அருங்காட்சியகமாக வளர்ந்தன.

அங்கே பாம்புகளும் பறவைகளும் உள்ளன; வண்டுகளும் வண்ணத்துப்பூச்சிகளும் உள்ளன; உலர்த்திய செடிகளும், ஆர்க்கிட் மலர்களுக்கெனத் தனி வளர்ப்பிடமும் உள்ளன. இம்மலையின் பழங்குடிகளான பளியர், புலையர் முதலானோரின் கைவினைப் பொருள்களுக்கும், மலையெங்கும் சிதறிக் கிடக்கும் கற்திட்டைகளில் கிடைத்த தொல்பொருள்களுக்கும் அங்கே இடமுண்டு.

இதைக் குறைவாக மதிப்பிட எனக்கு உரிமையில்லை. இந்த மலையைப் பற்றி நமக்கு இன்று தெரிந்திருப்பவற்றுள் ஒரு பெரும் பங்கு இத்தகைய துறவியர் தந்த கொடை. அருள்தந்தை தாமென் 1908-இல் பளியரைப் பற்றி ‘ஆந்த்ரோபோஸ்’ என்ற மானிடவியல் இதழில் எழுதினார். அக்குடியைப் பற்றி நமக்குக் கிடைக்கும் பழைய ஆய்வுக் கட்டுரைகளுள் அது ஒன்று. அருள்தந்தையர் அங்லாத், நியூட்டன் இருவரும் பழனிமலையின் கற்திட்டைகளை நடந்து நடந்து அளந்து எழுதிய நூலை, இந்தியத் தொல்லியல் துறையே 1928-இல் தன் ஆய்வு வரிசையில் வெளியிட்டது. அதே அங்லாத் அடிகளார் இம்மலையின் செடிகொடிகளை வண்ண ஓவியங்களாகவும் தீட்டி வைத்தார். பின்வந்த அருள்தந்தை கே. எம். மாத்யூ, திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரச் சேகரத்தை மையமாகக் கொண்டு உழைத்து, 1999-இல் பழனிமலைத் தாவரங்களைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார். செபமாலை பிடித்த கைகள் உருப்பெருக்கியையும் பிடித்தன. படைப்பை ஆராய்வதும் படைத்தவரை வணங்குவதும் ஒன்றோடொன்று முரண்பட்டவை அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இப்படியெல்லாம் மாணவர்களுக்குப் பெருமிதத்தோடு விளக்கிக்கொண்டே வந்தேன். அப்போதுதான் அந்தச் சிறுவன் நின்றான். எங்கள் பங்கின் எல்லைக்குள் மலையடிவாரத்தில் ஒரு பளியர் குடியிருப்பு உண்டு, அவன் அங்கிருந்து வந்தவன், ஏழாம் வகுப்பு. மலைக்குடிகளின் பழைய பொருள் ஒன்றைச் சுட்டிக் கேட்டான்.

“சாமி, இது யாரோடது?”

“பளியரோடதுப்பா” என்றேன்.

அவன் நகரவில்லை. “நாங்க எல்லாரும் பளியருதான் சாமி. இது யாரோடது?”

என்னிடம் விடையில்லை. வண்டுக்கு இலத்தீன் பெயரைச் சொல்லத் தெரிந்த எனக்கு, அந்தப் பொருளைச் செய்தவரின் பெயரைச் சொல்லத் தெரியவில்லை.

இனத்தின் பெயரும் ஆளின் பெயரும்

அச்சிறுவன் ஒரு பெரிய வேறுபாட்டைத் தன்னையறியாமலே தொட்டுவிட்டான். உயிர்களை இனமாகப் பகுத்துப் பெயரிடுவது அறிவியலின் முறை. ஒரு வண்ணத்துப்பூச்சி தன் இனத்தின் பிரதிநிதியாகவே பேழைக்குள் இருக்கிறது. அதற்குத் தனிப்பெயர் தேவையில்லை. தொடக்கநூலில் ஆதாம் விலங்குகளுக்குப் பெயரிட்டதும் இவ்வகையே. ஆனால் மனிதனை இறைவன் அழைக்கும் முறை வேறு. ஆபிரகாமை அழைத்தார், சாமுவேலை அழைத்தார், நல்லாயன் தன் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறான் என்று யோவான் நற்செய்தி கூறுகிறது. மனிதன் இனத்தின் மாதிரியாகப் படைக்கப்படவில்லை. ஒவ்வொருவனும் தனித்தனியே விரும்பப்பட்டுப் படைக்கப்பட்டான்.

இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் என்ற வடிவம் ஐரோப்பாவில் உருவானபோது இவ்விரு முறைகளும் கலந்துவிட்டன. விலங்குகளைப் பகுத்த அதே கண் தொலைநாட்டு மக்களையும் பகுத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் உலகெங்கும் பழங்குடிப் பொருள்களைச் சேர்த்தவர்கள், எந்தக் குடி, எந்த ஊர், சேகரித்தவர் யார் என்று குறித்துக்கொண்டார்கள். செய்தவர் யார் என்று கேட்டவர்கள் மிகச் சிலரே. இது செண்பகனூரின் தனிக்குறை எனச் சொல்ல நான் வரவில்லை. இலண்டனிலும் பாரீசிலும் இருந்த குறை இது. ஒரு காலத்தின் கண்ணாடி வழியாக அந்தக் காலத்தவர் பார்த்தனர். அந்தக் கண்ணாடியை நாமும் இன்னும் அணிந்திருக்கிறோமா என்பதே கேள்வி.

ஒரு செய்தியை இங்கே சொல்ல வேண்டும். பீட்டர் கார்ட்னர் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1960-களில் பளியரிடையே தங்கி ஆய்வு செய்தார். அவர்களிடையே ஒருவர் மற்றவர்மேல் ஆட்சி செலுத்துவதை விரும்புவதில்லை என்பதையும், பூசல் எழும்போது அடித்துக்கொள்ளாமல் விலகிப் போய்விடுவதே அவர்கள் வழக்கம் என்பதையும் விரிவாக எழுதினார். மலைப்பொழிவை ஞாயிறுதோறும் விளக்கும் என்னைப் போன்றவர்கள் மலைமேல் அதன் சாயலை வாழ்ந்துகொண்டிருப்பவரைத் தேடிப் போயிருக்கிறோமா? இறைவார்த்தையின் வித்துக்கள் எல்லாப் பண்பாடுகளிலும் மறைந்து கிடக்கின்றன என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் கற்பித்தது. வித்து இருப்பதை நம்புகிறவன் நிலத்தைத் தோண்டிப் பார்க்க வேண்டாமா?

யார் முன்னோடி?

கொடைக்கானலின் வரலாற்றை எந்த வழிகாட்டி ஏட்டில் திறந்தாலும் ‘முன்னோடிகள்’ என்ற சொல் வரும். 1821-இல் நில அளவையாளர் வார்டு ஏறினார். 1836-இல் தாவரவியலாளர் ராபர்ட் வைட் வந்தார். 1845-இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் முதல் வீடுகளைக் கட்டத் தொடங்கினார்கள். சமவெளியின் காலராவும் காய்ச்சலும் அவர்கள் குடும்பங்களை வாரிக்கொண்டு போனதால் குளிர்ந்த மலையை நாடினார்கள். 1863-இல் வெர் லெவிஞ்சு ஏரியை அமைத்தார். 1866-இல் இயேசு சபை அருள்தந்தை சேன்-சீர் முயற்சியால் சலேத் மாதா கோயில் எழுந்தது. இந்த ஆண்டுகள் உண்மையானவை. இந்த மனிதர்களின் துன்பமும் துணிவும் உண்மையானவை. பிள்ளைகளை அடக்கம் செய்துவிட்டு மலையேறிய தாய்மாரை எண்ணிப் பார்க்கிற எவரும் அவர்களை எளிதாகப் பழிக்கமாட்டார்.

ஆனால் அவர்கள் எப்படி ஏறினார்கள்? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் பாதை அமையும்வரை, பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து குதிரையில் ஏறினார்கள். இயலாதவர்கள் நாற்காலியிலும் டோலியிலும் அமர, கூலியாள்கள் தோள்கொடுத்துச் சுமந்தார்கள். பெட்டிகளும் கட்டில்களும் அவ்வாறே ஏறின. புத்தகங்களும் மருந்துகளும் கோயில் பாத்திரங்களும்கூட மனிதத் தோளில்தான் ஏறின. நாற்காலியில் அமர்ந்தவர் முன்னோடி என்றால், அந்த நாற்காலிக்கு முன்னே நடந்தவர் யார்? சொல்லின் நேர்ப்பொருளைப் பார்த்தால், முன்னே ஓடியவர் அவரே அல்லவா?

மேலே ஏறிய பின் அவர்கள் கண்டதும் ஆளற்ற காடன்று. பூம்பாறையிலும் வில்பட்டியிலும் மன்னவனூரிலும் படிப்படியாகச் சரிவை வெட்டி மன்னாடியார் பயிர் செய்துகொண்டிருந்தார்கள்; சில நூற்றாண்டுகளுக்கு முன் கீழ்நாட்டிலிருந்து ஏறியவர்கள் தாங்கள் என்பது அவர்கள் மரபு. அந்த வயல்களில் உழைத்தவர்கள் புலையர். அவர்கள் நிலை ஏறத்தாழ அடிமைநிலை என்று ஆங்கிலேயர் காலத்து அரசு ஏடுகளே குறித்துள்ளன. காட்டுக்குள் தேனெடுத்தும் கிழங்கு தோண்டியும் வாழ்ந்தவர்கள் பளியர். ஆகவே மலையின் பழைய வாழ்விலும் மேடு பள்ளம் இருந்தது. வெள்ளையர் வந்துதான் ஏற்றத்தாழ்வு வந்தது என்று கதை கட்டுவதும் மற்றொரு வகைப் பொய்யே.

இவர்களுக்கும் முன்னே கற்திட்டைகளை எழுப்பியவர்கள் இருந்தார்கள். பாறை மேட்டில் நான்கு புறமும் பலகைக் கல் நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடி வைத்த அந்த அறைகள் ஈராயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. தாண்டிக்குடியில் இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் தொல்லியலாளர் கா. ராஜன் தலைமையில் நடந்த அகழாய்வில் ஈமச்சின்னங்களிலிருந்து சூதுபவள மணிகள் கிடைத்தன. சூதுபவளம் இம்மலையில் விளையும் கல்லன்று. எங்கிருந்தோ மணி வந்திருக்கிறது. பதிலுக்கு இம்மலையின் விளைபொருள்கள் இறங்கிப் போயிருக்க வேண்டும். வார்டு ஏறுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இம்மலைக்கு வழி இருந்தது. வழி தெரிந்தவர்களும் இருந்தார்கள்.

எனவே ‘முன்னோடி’ என்ற சொல்லை நாம் கைவிட வேண்டியதில்லை; அதற்குரிய அளவில் பயன்படுத்தினால் போதும். அவர்கள் தம் மக்களுக்கு முன்னோடிகள். மலைக்கு அவர்கள் விருந்தினர்கள். விருந்தினரின் பெயரை எழுதிவைத்து, வீட்டுக்காரரின் பெயரை எழுதாமல் விடுவது வரலாற்றின் வழக்கமாகிவிட்டது.

அழகான கிராமங்கள்

இதற்குத் தீர்வாக இன்று கிராமத்தையே அருங்காட்சியகமாக அமைக்கும் முறை வளர்ந்துள்ளது. சுவீடன் நாட்டில் ஆர்தர் ஹசேலியுசு என்பவர் 1891-இல் ஸ்டாக்ஹோமில் ‘ஸ்கான்சென்’ என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தைத் தொடங்கினார். பழைய பண்ணைவீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து, அடுப்பும் பரணும் சேர அமைத்தார். செண்பகனூர் இல்லத்துக்கு நான்காண்டு மூத்தது அது. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் குடியேறியவர்களின் ‘முன்னோடிக் கிராமங்கள்’ பல அம்முறையில் எழுந்தன. நம் மாநிலத்தில் முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்தெடுத்து வந்து மீண்டும் கட்டி நிறுத்தியது.

தட்சிணசித்ராவைப் பார்க்கச் சென்றபோது நான் மகிழ்ந்தேன். அழிந்துபோயிருக்க வேண்டிய தூண்களும் திண்ணைகளும் அங்கே உயிர்பிழைத்து நிற்கின்றன. கைவினைஞர்களுக்கு அது பிழைப்பும் மதிப்பும் தருகிறது. ஆயினும் ஓர் உறுத்தல் இருந்தது. அக்கிரகாரத்து வீட்டிலிருந்து நெசவாளர் வீட்டுக்கு நான் சில அடிகளில் நடந்துவிட்டேன். யாரும் தடுக்கவில்லை. உண்மையான ஊரில் அந்தச் சில அடிகளை நடக்கச் சிலருக்குச் சில நூற்றாண்டுகள் ஆயின. இன்னும் நடக்க முடியாதவர்களும் உண்டு. வீட்டைப் பெயர்த்துக் கொண்டுவந்துவிடலாம். வீடுகளுக்கிடையே இருந்த தடையை எப்படிப் பெயர்ப்பது? வியர்வையும் பசியும் இழிவும் நீங்கிய கிராமம் அழகாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து ‘அந்தக் காலம் எவ்வளவு நல்ல காலம்’ என்று பெருமூச்சு விடுவோர் அந்தக் காலத்தில் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்களின் பேரப்பிள்ளைகளாகவே இருப்பார்கள்.

இவ்வகையில் பார்க்கும்போது செண்பகனூரின் பழைய பேழைகள் ஒரு நேர்மையைக் காக்கின்றன. அவை தம்மைக் கிராமம் என்று சொல்லிக்கொள்வதில்லை. சேகரித்தவை என்றே நிற்கின்றன. போபாலில் உள்ள இந்திரா காந்தி தேசிய மானுட அருங்காட்சியகம் வேறொரு வழியைக் காட்டுகிறது. அங்கே பல பழங்குடி வீடுகளை அந்தந்தக் குடியினரே வந்து தம் கையால் கட்டினார்கள். பொருளைத் தருகிறவர் பேசவும் வேண்டும் என்பதே அந்த வழியின் சாரம். அந்தச் சிறுவனின் கேள்விக்கு மிக அருகில் வருவது அதுவே.

உரோமையின் பேழைகள்

இது திருச்சபைக்கு வெளியே இருப்பவர்கள் எழுப்பும் குறை என்று நினைப்பவர்களுக்காக ஒரு வரலாற்றைச் சொல்கிறேன். 1925-ஆம் யூபிலி ஆண்டில் திருத்தந்தை பதினோராம் பயஸ் வத்திக்கானில் ஒரு மாபெரும் மறைபரப்புக் கண்காட்சியை நடத்தினார். உலகின் எல்லா மறைபரப்பு நாடுகளிலிருந்தும் ஏறத்தாழ 1,00,000 பொருள்கள் அங்கே திரண்டன. அவற்றுள் 40,000 அளவில் உரோமையிலேயே தங்கின. அவற்றைக் கொண்டு அமைந்த அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநர் அருள்தந்தை வில்கெல்ம் சுமித். தாமென் அடிகளார் பளியரைப் பற்றி எழுதிய ‘ஆந்த்ரோபோஸ்’ இதழை 1906-இல் தொடங்கியவரும் அவரே. செண்பகனூரும் உரோமையும் ஒரே அறிவுலகின் இரு சன்னல்களாக இருந்தன.

கண்காட்சி நடந்து நூறாண்டு கழிந்தது. 2022 சூலையில் திருத்தந்தை பிரான்சிசு கனடாவுக்குச் சென்று, உறைவிடப் பள்ளிகளில் பழங்குடிக் குழந்தைகளுக்கு நேர்ந்தவற்றுக்காக மன்னிப்புக் கேட்டார். பிறர் நிலத்தைக் ‘கண்டுபிடித்தவர்’ அதற்கு உரிமையாளர் ஆகலாம் என்ற பழைய கோட்பாட்டை 2023 மார்ச்சில் வத்திக்கான் வெளிப்படையாக மறுத்துரைத்தது. 2025 நவம்பரில் திருத்தந்தை பதினான்காம் லியோ, உரோமையில் இருந்த 62 பொருள்களைக் கனடா நாட்டுப் பழங்குடியினரிடம் சேர்க்கும்படி அந்நாட்டு ஆயர்களிடம் ஒப்படைத்தார். ‘இது யாரோடது?’ என்ற கேள்வி உரோமைவரை போயிருக்கிறது. திருச்சபை அதற்கு விடை சொல்லத் தொடங்கியிருக்கிறது. நம் சின்னஞ்சிறு பங்குகளில் நாம் ஏன் தயங்க வேண்டும்?

என் ஏட்டில் இருந்த குறை

பிறரை விமரிசித்த கை இப்போது என்னை நோக்கித் திரும்ப வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு பங்கில் ஆலய யூபிலி மலர் ஒன்றைத் தொகுத்தேன். ஆலயம் கட்டிய வெளிநாட்டுத் தந்தையின் படத்தை முழுப்பக்கத்தில் இட்டேன். நிலம் கொடுத்தவர் பெயர், மணி வாங்கித் தந்தவர் பெயர், பீடத்துக்குப் பணம் தந்த குடும்பத்தின் பெயர் அனைத்தும் இடம்பெற்றன. ஓடையிலிருந்து கல்லும் மணலும் சுமந்தவர்களைப் பற்றி ஒரே வரி எழுதினேன்: இறைமக்கள் உடலுழைப்பு தந்து உதவினார்கள் என்று. அப்போது அது எனக்கு அழகான வரியாகப் பட்டது.

செண்பகனூரிலிருந்து திரும்பிய இரவு அந்த மலரை எடுத்துப் பார்த்தேன். பணம் தந்தவருக்குப் பெயர். கல் சுமந்தவருக்கு இனப்பெயர். ‘இறைமக்கள்’ என்பது எவ்வளவு உயர்ந்த சொல்! அந்த உயர்ந்த சொல்லைக்கொண்டே நான் பெயர்களை மூடியிருந்தேன். ஐரோப்பாவின் கண்ணாடியைக் குறை சொன்ன என் மூக்கின்மேலேயே அந்தக் கண்ணாடி இருந்தது.

நற்செய்தியாளர் மாற்கு அப்படி எழுதவில்லை. சிலுவைப்பாதையின் ஐந்தாம் தலத்தில் நாம் சந்திக்கும் மனிதரைப் பாருங்கள். வயற்புறத்திலிருந்து வந்துகொண்டிருந்த வழிப்போக்கர். படைவீரர்கள் பிடித்துக் கட்டாயப்படுத்தியதால் சுமை சுமந்தவர். எந்த அரசின் வரலாற்றிலும் அத்தகையவருக்குப் பெயர் இருப்பதில்லை. மாற்கோ அவர் பெயர் சீமோன் என்கிறார். ஊர் சிரேன் என்கிறார். அதோடு நில்லாமல் அவருடைய மக்கள் அலக்சாந்தர், ரூபு என்றும் குறித்து வைக்கிறார். சிலுவையைச் சுற்றி நின்று ஆணையிட்ட வீரர்களுக்கு மாற்கு பெயர் தரவில்லை, சுமந்தவருக்குத் தந்தார். பிள்ளைகளின் பெயர்வரை ஏன் வேண்டும்? அந்தப் பிள்ளைகளை அறிந்தவர்கள் மாற்குவின் சபையில் இருந்திருப்பார்கள் என்று விவிலிய அறிஞர் கூறுவர். ‘இது யாரோடது?’ என்று ஒரு சிறுவன் அந்தச் சபையில் கேட்டிருந்தால், ‘அதோ நிற்கிறாரே ரூபு, அவர் தகப்பனார் சுமந்தது’ என்று விடை சொல்லியிருக்கலாம்.

பழனிமலையின் ஒற்றையடிப் பாதையில் பீடக்கல்லும் மணியும் சுமந்து ஏறிய சீமோன்கள் எத்தனை பேர்! அவர்களின் அலக்சாந்தரும் ரூபுவும் நம் பங்குகளில் இன்றும் இருக்கிறார்கள். காப்பித் தோட்டத்தில் கூலிவேலை செய்கிறார்கள். ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசையில் நிற்கிறார்கள்.

உருளைக்கிழங்கின் மொழி

கொடைக்கானலின் சலேத் மாதா நமக்கு இங்கே வழிகாட்டுகிறாள். 1846 செப்டம்பரில் பிரான்சு நாட்டின் ஆல்ப்சு மலையில் மாடு மேய்த்த இரு சிறுவர்களுக்கு அன்னை தோன்றினாள் என்பதை நாம் அறிவோம். முதலில் பிரெஞ்சு மொழியில் பேசத் தொடங்கிய அன்னை, உருளைக்கிழங்கைப் பற்றிச் சொன்னபோது பிள்ளைகள் அச்சொல் புரியாமல் விழிக்க, அவர்களது வட்டாரப் பேச்சுக்கு மாறினாள் என்று அவர்கள் சான்று கூறினர். விண்ணக அரசி, மேய்ப்புப் பிள்ளைகளின் வழக்குச் சொல்லுக்கு இறங்கி வந்தாள். உருளைக்கிழங்கு விளையும் நம் மலையில் அந்த அன்னைக்குக் கோயில் அமைந்தது எவ்வளவு பொருத்தம்!

பேழையில் உள்ள செடிக்கு இலத்தீனில் ஒரு பெயர் உண்டு. அது உலக அறிஞருக்குத் தேவை. அதே செடிக்குப் பளியர் வாயில் ஒரு பெயர் உண்டு. எந்தக் காய்ச்சலுக்கு அதன் வேர், எந்தப் பருவத்தில் அதன் கிழங்கு என்பதெல்லாம் அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் அறிவு. அந்தப் பெயரை அறிந்த மூதாட்டி மறைந்தால் பெயரோடு அந்த அறிவும் மறையும். பழங்குடி மக்களை நிலம் பற்றிய உரையாடலில் முதன்மையானவர்களாகக் கொள்ள வேண்டும் என்று ‘இறைவா உமக்கே புகழ்’ என்ற சுற்றுமடலில் 2015-இல் திருத்தந்தை பிரான்சிசு வலியுறுத்தினார். காட்டில் வாழ்வோரின் உரிமையை நாட்டின் சட்டமும் 2006-இல் ஏற்றுக்கொண்டது. சட்டமும் மடலும் தாளில் உள்ளன. மூதாட்டியிடம் போய் உட்கார்ந்து கேட்பதற்கு ஆள் வேண்டும்.

வாசகர்கள் கொடைக்கானல் சென்றால் ஏரிக்கும் கோக்கர்ஸ் வாக்குக்கும் போகட்டும்; செண்பகனூரையும் தவறாமல் பார்க்கட்டும். அறிஞர்களாய் இருந்த அந்தத் துறவியரின் உழைப்பை நன்றியோடு வணங்கட்டும். நன்றி என்பது கண்ணை மூடிக்கொள்வதன்று. அவர்கள் தொடங்கிவைத்ததை முடிப்பதே அவர்களுக்கு நாம் செலுத்தும் நன்றி. கல்லையும் செடியையும் அவர்கள் குறித்துத் தந்தார்கள். ஆட்களின் பெயர் நம் பங்குக்கு விடப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பங்கிலும் மூத்தோர் உயிரோடிருக்கும்போதே, கோயில் கட்டக் கல் சுமந்தவர் யார், வழிகாட்டியவர் யார், சமைத்துப் போட்டவர் யார் என்று கேட்டு எழுதிவைத்தால் போதும். இதற்குப் பேழையோ நிதியோ தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

பழைய பங்குக்குப் போய் நானும் கேட்கத் தொடங்கியிருக்கிறேன். இதுவரை ஒன்பது பெயர்கள் கிடைத்துள்ளன. அவற்றுள் இரண்டு பட்டப்பெயர்கள். உண்மைப் பெயர் யாருக்கும் நினைவில்லை. பட்டப்பெயரையே எழுதிக்கொண்டேன். இறந்த விசுவாசிகள் திருநாளில், பணம் கட்டிப் பெயர் கொடுத்தவர்களோடு இந்த ஒன்பது பேரையும் பீடத்தில் வாசிக்கும்படி அந்தப் பங்குத்தந்தையிடம் கேட்டிருக்கிறேன், அவரும் இசைந்திருக்கிறார்.

அந்தச் சிறுவன் தன் பாட்டியிடம் கேட்டுச் செடிப்பெயர்களை எழுதி வருகிறான். பக்கத்தின் மேலே பாட்டியின் பெயரை எழுதச் சொன்னேன். ‘பாட்டின்னுதான் சாமி கூப்பிடுவோம், பேரு கேட்டுட்டு வர்றேன்’ என்று ஓடினான்.